பத்து மைல் வெளிச்சமும் எண்ணெய்க் கணக்கும்

குர்துபா நகரைப் பற்றி நமது மேடைகளில் பேசப்படும்போதெல்லாம் தவறாமல் இடம்பெறும் செய்தி ஒன்றுண்டு. இலண்டனும் பாரிஸும் இருளில் மூழ்கிக் கிடந்த காலத்தில், முஸ்லிம் ஸ்பெயினின் தலைநகரில் தெருவிளக்குகளின் ஒளியிலேயே ஒருவர் பத்து மைல் தூரம் நடந்து செல்ல முடிந்தது என்பதே அச்செய்தி. மீலாது மலர்களிலும் கல்லூரி ஆண்டு மலர்களிலும் இதைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் இச்செய்தி எந்த நூலிலிருந்து வருகிறது, அந்நூல் உண்மையில் கூறுவது என்ன, அந்த விளக்குகளுக்கு எண்ணெய் வார்த்தவர் யார் என்னும் வினாக்களை நாம் எழுப்பியதில்லை. இவற்றுள் கடைசி வினாவே மிக முக்கியமானது என்று நமக்குத் தோன்றுகிறது. தெருவிளக்குக்கான மின்கட்டண ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு இன்று ஓர் ஊராட்சித் தலைவர் திகைத்து நிற்பதும் இதே வினாவின் முன்னால்தான்.

இக்கூற்றை உலகெங்கும் பரப்பியவர் அமெரிக்க வேதியியலறிஞரான ஜான் வில்லியம் டிரேப்பர். ஐரோப்பாவின் அறிவு வளர்ச்சி குறித்து 1863இல் அவர் வெளியிட்ட நூலில், குர்துபாவின் பொதுவிளக்குகளின் ஒளியில் பத்து மைல் நேராக நடக்கலாம் என்றும், அதற்கு எழுநூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் இலண்டனில் ஒரு பொதுவிளக்குகூட இருக்கவில்லை என்றும் எழுதினார். டிரேப்பருக்கு இஸ்லாத்தின் மீது தனிப்பட்ட பற்று இருந்ததாக நாம் கருத வேண்டியதில்லை. கிறிஸ்தவத் திருச்சபை அறிவியலுக்குத் தடையாக நின்றது என்பதே அவர் நிறுவ விரும்பிய கருத்து. அத்திருச்சபையை அடிக்க அவருக்குக் கிடைத்த நல்ல கோல் குர்துபா. அவருடைய வரிகளை அப்படியே எடுத்துக்கொண்ட நமது எழுத்தாளர்கள் கோலின் நோக்கத்தைக் கவனிக்கவில்லை.

டிரேப்பருக்கு முன்னால் இச்செய்தி அல்மக்கரீயின் ‘நஃப்ஹுத் தீப்’ நூலில் காணப்படுகிறது. திலிம்சானில் பிறந்து 1632இல் கெய்ரோவில் மறைந்த அல்மக்கரீ, கைவிட்டுப்போன அந்தலுஸின் நினைவுகளைத் திரட்டியவர். அந்நூலின் பகுதிகளை பாஸ்குவால் தெ கயாங்கோஸ் 1840களின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அல்மக்கரீயோ இச்செய்தியைத் தமது கூற்றாகச் சொல்லாமல், அஷ்ஷகுந்தீ தமது மடலில் கூறியுள்ளபடி என்று பொறுப்பை அவரிடம் ஒப்படைத்துவிடுகிறார். அஷ்ஷகுந்தீ ஹிஜ்ரி 629இல், அதாவது 1230களின் தொடக்கத்தில், மறைந்த அந்தலுஸ் அறிஞர். குர்துபாவின் கிலாஃபத் 1031லேயே முடிந்துவிட்டது. மதீனத்துஸ் ஸஹ்ரா அதற்கும் முன்னரே, 1010ஐ ஒட்டிய உள்நாட்டுப் போரில் சூறையாடப்பட்டது. எனவே அஷ்ஷகுந்தீ தாம் கண்ணால் கண்டதைச் சொல்லவில்லை. இருநூறாண்டுகளுக்கு முந்தைய பெருமையைச் சொல்கிறார்.

அவர் அதைச் சொன்ன சூழலும் கவனத்துக்குரியது. முவஹ்ஹிதூன் ஆட்சியில், ஸப்தா நகர ஆளுநரின் அவையில், அந்தலுஸ் சிறந்ததா மஃரிப் சிறந்ததா என்று ஒரு தர்க்கம் எழுந்தது. தஞ்சா நகரத்தவர் ஒருவருக்கு எதிராக அந்தலுஸின் சிறப்பை நிலைநாட்டவே அம்மடல் எழுதப்பட்டது. நமது பழைய புலவர்களின் நாட்டு வருணனையைப் போன்ற புகழ்ச்சி இலக்கியம் அது. அதில் சொல்லப்பட்டதும் இதுதான்: குர்துபா, ஸஹ்ரா, ஸாஹிரா ஆகிய மூன்றின் கட்டடங்களும் இடைவெளியின்றி ஒன்றோடொன்று இணைந்திருந்தன, தொடர்ந்து எரிந்த விளக்குகளின் ஒளியில் பத்து மைல் நடக்க முடிந்தது. அரசு விளக்குகளை நட்டது என்றோ, நகராட்சி எண்ணெய் வழங்கியது என்றோ அதில் ஒரு சொல்லும் இல்லை. ‘பொதுவிளக்கு’ என்னும் சொல் டிரேப்பர் சேர்த்தது. மூலத்தில் உள்ளது நகரம் எவ்வளவு நெருக்கமாகவும் நீளமாகவும் வளர்ந்திருந்தது என்பதற்கான சான்று. வீட்டுச் சாளரங்களின் விளக்கும் கடைவாசல் விளக்கும் அதில் அடங்கும்.

முதன்மைக்கான உரிமையையும் நாம் கோர இயலாது. குர்துபாவுக்கு ஆறு நூற்றாண்டுகள் முன்பே, நான்காம் நூற்றாண்டில், சிரியாவின் அந்தாக்கியா நகரில் இரவு விளக்குகள் பகலுக்கு நிகராக ஒளிர்ந்தன என்று அம்மியானுஸ் என்னும் வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். அந்நகரின் சொற்பொழிவாளர் லிபானியஸ் அந்த விளக்குகளைப் புகழ்ந்ததோடு நிற்கவில்லை. ஆளுநர் ஒருவர் விளக்குகளைப் பன்மடங்காகக் கூட்டுமாறு ஆணையிட்டபோது, அச்சுமை எளிய கடைக்காரர்களின் தலையில் விழுகிறது என்று அவரே கண்டித்தும் எழுதினார். தெருவிளக்கைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய செய்திகளிலேயே எண்ணெய்ச் செலவு பற்றிய முறையீடும் இருப்பது வியப்பன்று. இலண்டனும் முற்றிலும் இருண்டு கிடக்கவில்லை. குளிர்கால மாலைகளில் வீட்டுக்காரர்கள் வாசலில் விளக்கு மாட்ட வேண்டும் என்று 1417இல் அந்நகரின் மேயர் ஆணை பிறப்பித்ததாக அந்நகர வரலாறு கூறுகிறது.

இதனால் நமது வரலாறு சிறுத்துப்போவதில்லை. கெய்ரோவிலும் ஃபுஸ்தாத்திலும் உள்ள சான்றுகள் குர்துபாவின் புகழ்ச்சி வரியைவிட உறுதியானவை. ஆனால் நமது மேடைகளில் அவை ஏறுவதில்லை.

பாரசீகப் பயணியான நாஸிர் குஸ்ரவ் 1047இல் எகிப்து சென்று, தாம் கண்டதைத் தமது பயண நூலில் பதிவு செய்தார். ஃபுஸ்தாத்தில் ஏழு அடுக்கு, பதினான்கு அடுக்கு வீடுகள் இருந்தன. அவற்றினிடையே வெயில் தரையைத் தொடாத கடைத்தெருக்கள் இருந்தன. அங்கே பகலிலும் விளக்குகள் எரிந்தன. அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) பள்ளிவாசலின் ஒரு பக்கத்தில் ‘ஸூக்குல் கனாதீல்’ எனப்படும் விளக்குச் சந்தை இருந்தது. அப்பள்ளிவாசலுக்கு ஃபாத்திமீ கலீஃபா அல்ஹாகிம் அளித்த பெரிய வெள்ளி விளக்கை உள்ளே கொண்டுசெல்ல வாசலையே பெயர்க்க வேண்டியிருந்தது என்றும், சிறப்பு இரவுகளில் எழுநூறுக்கும் மேற்பட்ட விளக்குகள் ஏற்றப்பட்டன என்றும் அவர் குறிப்பிடுகிறார்.

அந்த அல்ஹாகிம் (ஆட்சி 996–1021) இரவில் நகரைச் சுற்றிவரும் வழக்கமுடையவர். கடைகளிலும் வீட்டு வாசல்களிலும் இரவு முழுதும் விளக்கெரிய வேண்டும் என்று அவர் ஆணையிட்டதையும், சந்தைகள் இரவில் திறந்திருந்ததையும், மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியே வந்து களித்ததையும் பின்னாளில் அல்மக்ரீஸீ எழுதியுள்ளார். அதே கலீஃபா சில காலத்திலேயே மனம் மாறிப் பெண்கள் இரவில் வெளிவருவதைத் தடுத்தார். இரவுச் சந்தைகளும் மூடப்பட்டன. ஆள்பவரின் ஆணையால் வந்த ஒளி, ஆணையாலேயே போயிற்று. அந்த ஒளிக்கு நிலையான நிதியோ நிலையான பொறுப்பாளரோ இருக்கவில்லை. எண்ணெய் வாசலுக்குரியவருடையது, விருப்பம் அரண்மனையுடையது.

நிலைத்து நின்ற ஒளி வேறிடத்தில் இருந்தது. பள்ளிவாசலில் முதன்முதலாக விளக்கேற்றியவர் தமீமுத்தாரீ (ரலி) என்று இப்னு மாஜாவில் ஓர் அறிவிப்பு உள்ளது. பைத்துல் முகத்தஸுக்குச் சென்று தொழ இயலாதவர் அதன் விளக்குகளுக்கு எண்ணெயாவது அனுப்பட்டும் என்னும் கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக அபூதாவூதில் மற்றோர் அறிவிப்பு உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடர் பற்றி ஹதீஸ்கலை அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது. தொடர் எவ்வாறாயினும், எண்ணெய் தானம் வக்ஃபாக வளர்ந்ததை வரலாறு காட்டுகிறது. மம்லூக் காலத்து வக்ஃபுப் பத்திரங்களில் விளக்கெண்ணெய்க்குத் தனியாக நிதி ஒதுக்கப்பட்டிருக்கும். ‘வக்காத்’ எனப்படும் விளக்கேற்றுபவருக்கு மாதச் சம்பளம் எழுதப்பட்டிருக்கும். வாசலிலும் சபீல் எனப்படும் தண்ணீர்ப் பந்தலிலும் எரிந்த விளக்கின் ஒளி தெருவிலும் விழுந்திருக்கும். நமது நாட்டிலும் இதற்கு இணை இல்லாமலில்லை. சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்குக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ தொண்ணூற்றாறு என்று ஒதுக்கி, அந்த ஆடுகளைப் பெற்றவர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும் என்று எழுதியிருப்பதைக் காண்கிறோம். ஒரு விளக்கு ஓராண்டு எரிய எவ்வளவு செலவாகும், அதை எந்த வருவாயிலிருந்து எடுப்பது என்று கணக்கிட்ட பிறகே விளக்கேற்றியவர்கள் அவர்கள்.

அக்கணக்கு மீறப்பட்டபோது கண்டித்தவர்களும் நம்மிடையே இருந்தனர். கெய்ரோவில் வாழ்ந்து 1336இல் மறைந்த மாலிகீ அறிஞர் இப்னுல் ஹாஜ், தமது ‘அல்மத்கல்’ நூலில், ஷஅபான் பாதி இரவு போன்ற நாள்களில் பள்ளிவாசல்களில் தேவைக்கு மிஞ்சி விளக்கேற்றுவதைக் கடுமையாக எதிர்த்தார். அது வக்ஃபுச் சொத்தை வீணாக்குவதாகும் என்பது அவருடைய வாதங்களுள் ஒன்று. விளக்கின் எண்ணெய்க்குப் பின்னால் ஒரு வாகிஃபின் நிபந்தனை இருக்கிறது. நிபந்தனைக்கு மேல் எரிவது ஒளியல்ல, இஸ்ராஃப். மற்றொரு சட்ட நுணுக்கமும் இங்கு நினைவுகூரத்தக்கது. உறங்கும்போது விளக்கை அணைத்துவிடுங்கள். எலி திரியை இழுத்துச்சென்று வீட்டை எரித்துவிடலாம் என்னும் பொருளில் வரும் நபிமொழியை விளக்கிய இமாம் நவவீ, தொங்கவிடப்பட்ட விளக்கில் தீ விபத்துக்கு அஞ்ச வேண்டியதில்லையெனில் அணைக்காமல் விடுவதில் குற்றமில்லை என்றார். விளக்கின் அமைப்பு மாறும்போது, காரணத்தைப் பார்த்துத் தீர்ப்பு மாறுகிறது.

அரசின் ஆணையும் குடிமக்களின் எண்ணெயும் சேர்ந்த பழைய முறை எவ்வளவு கசப்பானது என்பதற்கு அல்ஜபர்த்தீயின் நாட்குறிப்பே போதும். 1798இல் கெய்ரோவைப் பிடித்த நெப்போலியனின் படையினர், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு விளக்கு, மூன்று கடைகளுக்கு ஒரு விளக்கு வீதம் இரவு முழுதும் எரிய வேண்டுமென்று கட்டளையிட்டனர். எண்ணெய் தீர்ந்தோ காற்றடித்தோ விளக்கு அணைந்திருந்தால் கடைக்கதவில் ஆணி அறையப்பட்டது, தண்டம் வசூலிக்கப்பட்டது. அந்த விளக்குகள் மக்களுக்கு வழிகாட்டவல்ல, மக்களைக் கண்காணிக்கவே வைக்கப்பட்டன என்பதை அந்த ஆலிம் நன்றாகவே உணர்ந்திருந்தார்.

நவீனத் தெருவிளக்கு என்பது விளக்கின் வடிவத்தில் தொடங்கவில்லை, வரவுசெலவுக் கணக்கில் தொடங்கியது என்று நாம் கருதுகிறோம். 1667இல் பாரிஸின் காவல்துறைத் தலைவராகப் பொறுப்பேற்ற லா ரெய்னீ, தெருக்களின் குறுக்கே கயிறு கட்டிக் கண்ணாடிக் கூண்டில் மெழுகுவத்தி விளக்குகளைத் தொங்கவிட்டார். அதற்காகச் சேற்றுக்கும் விளக்குக்குமான வரி என்றே ஒரு வரி இருந்தது. ஆம்ஸ்டர்டாமில் 1669இல் ஓவியர் யான் வான் தெர் ஹேய்தன் வடிவமைத்த எண்ணெய் விளக்குகளை நகர நிர்வாகமே நிறுவி, நகரின் செலவிலேயே ஏற்றியது. அவ்வமைப்பு ஏறத்தாழ 170 ஆண்டுகள் நீடித்தது. அங்கேதான் வீட்டுக்காரரின் விளக்கு, நகரத்தின் விளக்காக மாறியது. இலண்டனில் 1680களில் ஒரு தனியார் ஒப்பந்ததாரர், பத்தாவது வீட்டுக்கு ஒரு விளக்கு வீதம், நிலவில்லாத குளிர்கால இரவுகளில் மட்டும், மாலை ஆறிலிருந்து நள்ளிரவு வரை ஏற்றும் உரிமையைப் பெற்றார். நிலா காயும் இரவில் விளக்கேற்றுவது பல நகரங்களில் அதன் பின்னரும் நெடுங்காலம் வீண்செலவாகவே கருதப்பட்டது.

பிறகு நிலக்கரி வாயு வந்தது. 1807இல் இலண்டன் பால் மால் தெருவில் அது காட்சிக்கு வைக்கப்பட்டது. 1812இல் முதல் வாயு நிறுவனம் பட்டயம் பெற்றது. இஸ்தான்பூலில் டோல்மாபாஹ்சே அரண்மனைக்காகக் கட்டப்பட்ட வாயு ஆலையில் எஞ்சிய வாயு, 1850களில் பேரா வட்டாரத்தின் பெருந்தெருவுக்கு அனுப்பப்பட்டது. கெய்ரோவில் கிதீவ் இஸ்மாயில் 1860களில் பிரெஞ்சு முதலாளி ஒருவருக்கு வாயு விளக்கு உரிமையை வழங்கி நகரைப் பாரிஸாக்க முயன்றார். சூயஸ் கால்வாய் 1869இல் திறக்கப்பட்டபோது ஐரோப்பிய அரச விருந்தினர் அந்த ஒளியைக் கண்டு வியந்தனர். 1876இல் எகிப்தின் கடனை வசூலிக்க ஐரோப்பியரின் கடன் ஆணையம் அமர்ந்தது. 1879இல் இஸ்மாயில் பதவி நீக்கப்பட்டார். வாயு விளக்கு அக்கடனில் சிறு பங்கே. எனினும் திருப்பிச் செலுத்தும் வழியைக் காணாமல் கடன்வாங்கி ஏற்றிய ஒளியின் கதையாக அதை நாம் படிக்கலாம்.

மின்விளக்கின் கதை பலரும் அறிந்ததே, விரிக்க வேண்டியதில்லை. 1878இல் பாரிஸில் வில்விளக்குகள் எரிந்தன. 1905இல், சிவசமுத்திர நீர்மின்சாரத்தைக் கொண்டு, பெங்களூர் இந்தியாவில் தெருக்களில் மின்விளக்கு ஏற்றிய முதல் நகரங்களுள் ஒன்றானது. சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான முத்துசாமி ஐயர் (1832–1895) தெருவிளக்கின் கீழ் அமர்ந்து படித்தார் என்று நமது பாட்டன்மார் சொன்ன கதையும் மின்சாரத்துக்கு முந்தைய எண்ணெய் விளக்கைப் பற்றியதே.

இனி நம் காலத்துக்கு வருவோம். ஒரு வாட் ஆற்றலிலிருந்து எவ்வளவு ஒளி கிடைக்கிறது என்பதை லூமென் என்னும் அளவால் கணிக்கிறார்கள். எண்ணெய்த் திரியும் மெழுகுவத்தியும் ஒரு வாட்டுக்கு ஒரு லூமென்கூடத் தருவதில்லை. இழை மின்குமிழ் 10 முதல் 15 வரை தரும். பாதரச ஆவி விளக்கு 50ஐ ஒட்டி நிற்கும். நமது நெடுஞ்சாலைகளை மஞ்சளாக்கிய சோடியம் விளக்கு 100ஐ ஒட்டியது. இன்று தெருக்களில் பொருத்தப்படும் எல்.இ.டி. விளக்குகள் 120, 150 என்று அதையும் தாண்டிவிட்டன. சிவப்பு எல்.இ.டி. 1962லேயே வந்துவிட்டது, வெள்ளை ஒளிக்கு நீல எல்.இ.டி. தேவைப்பட்டது. அதற்கு மேலும் முப்பதாண்டுகள் பிடித்தன. அதை உருவாக்கிய ஜப்பானில் பிறந்த அகாஸாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

லூமென் கணக்கில் மட்டும் பார்த்தால் சோடியத்துக்கும் எல்.இ.டி.க்கும் இடையேயான வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. தெருவில் அது பெரிதாவதற்குக் காரணங்கள் உள்ளன. சோடியம் விளக்கு எல்லாத் திசைகளிலும் ஒளியை வீசும். பிரதிபலிப்பான் அதைத் தரைக்குத் திருப்பும்போது ஒரு பங்கு வீணாகும். இன்னொரு பங்கு வானத்துக்கும் எதிர்வீட்டு மாடிக்கும் போகும். எல்.இ.டி. தான் நோக்கும் திசையில் மட்டுமே ஒளியைத் தருவதால், வேண்டிய தரையின் மீது அதை விழச்செய்ய முடிகிறது. பழைய விளக்கின் சோக் தின்னும் மின்சாரமும் மிச்சமாகிறது. எனவே 250 வாட் சோடியம் விளக்கு, சோக்கையும் சேர்த்து ஏறத்தாழ 280 வாட் இழுக்கும் இடத்தில், 120 வாட் எல்.இ.டி. போதுமானதாகிறது. ஓரிரவுக்கு 11 மணிநேரம் என்று கொண்டால் ஆண்டுக்கு 4,015 மணிநேரம். ஒரு கம்பத்தில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 640 யூனிட் மிச்சம்.

கிராம ஊராட்சியின் கணக்கு இன்னும் நெருக்கமானது. 40 வாட் குழல்விளக்கு சோக்கோடு சேர்ந்து 52 வாட் எடுக்கிறது. அதற்கு ஈடாக 20 வாட் எல்.இ.டி. போடலாம். முந்நூறு கம்பங்கள் உள்ள ஓர் ஊராட்சி, ஆண்டுக்கு 38,500 யூனிட்டைச் சேமிக்கும். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 3 லட்சம் ரூபாய்க்கு மேல் வருகிறது. குடிநீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் மின்கட்டணம் கட்டியே நிதி கரைந்துபோகும் ஓர் ஊராட்சிக்கு இத்தொகை சிறிதன்று. குழல்விளக்கிலும் சோடியம் விளக்கிலும் உள்ள பாதரசம் குப்பைமேட்டுக்குப் போவதில்லை என்பதும் சேர்த்தே எண்ணத்தக்கது.

பெருநகர அனுபவமும் இதையே காட்டுகிறது. லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 2009 முதல் 2013 வரை ஏறத்தாழ 1,40,000 விளக்குகளை மாற்றி, அவற்றின் மின்செலவில் 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைத்தது. நமது நாட்டில் 2014 அக்டோபரில் ஹுத்ஹுத் புயல் தாக்கிய விசாகப்பட்டினத்தில் சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 90 ஆயிரம் எல்.இ.டி. விளக்குகள் பொருத்தப்பட்டன. ஸபா நாட்டின் செய்தியை ஸுலைமான் நபிக்குக் கொண்டுவந்த பறவையின் பெயரால் அழைக்கப்பட்ட புயல், ஒரு நகரத்தின் விளக்குகளை மாற்றிச் சென்றதைக் குறித்துவைப்பதில் தவறில்லை. 2015 ஜனவரியில் நடுவண் அரசின் தேசிய தெருவிளக்குத் திட்டம் தொடங்கியது. மின்துறைப் பொதுத்துறை நிறுவனங்கள் சேர்ந்து 2009இல் அமைத்த ஈ.ஈ.எஸ்.எல். நிறுவனம் அதை நடத்தியது. நாடெங்கும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட விளக்குகள் மாற்றப்பட்டன.

அத்திட்டத்தின் நிதி அமைப்பே நமது கவனத்தை ஈர்க்கிறது. உள்ளாட்சி அமைப்பு முதலீடு செய்ய வேண்டியதில்லை. நிறுவனம் தன் பணத்தில் விளக்கைப் பொருத்திப் பல ஆண்டுகள் பராமரிக்கும். மின்கட்டணத்தில் மிச்சமாகும் தொகையிலிருந்து உள்ளாட்சி தவணை கட்டும். தாளில் இது நந்தா விளக்கின் ஆட்டுக் கணக்கைப் போலவே சீரானது. நடைமுறையில் பல நகராட்சிகள் மிச்சமான தொகையை வேறு செலவுகளுக்குத் திருப்பிவிட்டுத் தவணையை நிலுவையில் வைத்தன. நிலுவை பெருகவே பராமரிப்பு தளர்ந்தது, கம்பங்கள் அணைந்தன. மின்கட்டணத்தையே முறையாகக் கட்டாத ஓர் அமைப்புக்குக் கட்டணக் குறைப்பு கையில் காசாக வருவதில்லை என்னும் எளிய உண்மையைத் திட்டம் தீட்டியவர்கள் போதிய அளவு எண்ணிப்பார்த்ததாகத் தெரியவில்லை. வாகிஃபின் நிபந்தனையைப் போல, சேமிப்பைத் தனிக்கணக்கில் பூட்டிவைக்கும் ஏற்பாடு இருந்திருந்தால் இவ்விடர் குறைந்திருக்கும். அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் (1992) சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணை, தெருவிளக்கை நகர்ப்புற உள்ளாட்சியின் பணிகளுள் ஒன்றாக எழுதியிருக்கிறது. பொறுப்பை எழுதுவது எளிது.

விளக்கின் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. எல்.இ.டி. 50,000 மணிநேரம் எரியும் என்பார்கள். நமது கணக்கில் அது பன்னிரண்டு ஆண்டுகள். ஆனால் ஒளிதரும் சில்லுக்கு முன்பே அதற்கு மின்சாரம் ஊட்டும் ‘டிரைவர்’ சுற்று நமது கோடை வெப்பத்திலும் மின்னழுத்த ஏற்றத்தாழ்விலும் இடிமின்னலிலும் கெட்டுவிடுகிறது. விலையை மட்டும் பார்த்து வாங்கிய விளக்குகள் ஈராண்டில் கண்சிமிட்டத் தொடங்குவதை நாம் எல்லா ஊர்களிலும் காண்கிறோம். பழைய விளக்கை ஊர் எலக்ட்ரீஷியன் சோக் மாற்றி உயிர்ப்பித்துவிடுவார், முத்திரையிட்ட எல்.இ.டி. கூட்டை அவரால் திறக்க முடிவதில்லை. உத்தரவாதக் காலத்தையும் பழுதுநீக்கும் பொறுப்பையும் ஒப்பந்தத்தில் எழுதாத உள்ளாட்சி, மின்கட்டணத்தில் பெற்றதை விளக்கு விலையில் இழந்துவிடும்.

நமது வாசகர்களுக்குச் சிறப்பாக உரியது மற்றொரு குறை. நீலம் மிகுந்த வெள்ளொளி காற்றில் அதிகம் சிதறி வானத்தையே வெளிறச் செய்கிறது. 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்கம், உறக்கத்துக்கும் கண்ணுக்கும் ஏற்படும் தீங்கைக் கருதி, 3000 கெல்வினுக்கு மிகாத இளமஞ்சள் ஒளியையே தெருக்களில் பயன்படுத்துமாறு பரிந்துரைத்தது. அதே ஆண்டில் வெளியான செயற்கை வானொளி வரைபடம், உலக மக்களில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் ஒளிமாசுபட்ட வானத்தின் கீழ் வாழ்வதையும், மூவரில் ஒருவர் பால்வீதியைக் காண இயலாமலிருப்பதையும் காட்டியது. விளக்கின் செலவு குறைந்ததும், மிச்சமான பணத்தில் மேலும் விளக்குப் போடும் மனித இயல்பும் சேர்ந்துகொண்டது. 2012க்கும் 2016க்கும் இடையில் பூமியில் இரவில் ஒளியூட்டப்பட்ட பரப்பு ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்ததைச் செயற்கைக்கோள் ஆய்வு கண்டறிந்தது. இப்னுல் ஹாஜ் இருந்திருந்தால் இதற்கு என்ன பெயரிட்டிருப்பார் என்று ஊகிப்பது கடினமன்று.

ஃபஜ்ர் நேரத்தைப் பற்றிய நமது விவாதங்களுக்கும் இதற்கும் தொடர்புண்டு. சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 பாகையில் இருக்கும்போது உண்மை வைகறை தோன்றுகிறதா, 15 பாகையிலா, எகிப்தியர் கொள்ளும் 19.5 பாகையிலா என்று இன்று நாட்காட்டிகள் வேறுபடுகின்றன. கண்ணால் கண்டு தீர்ப்போம் என்று நகரவாசிகள் மொட்டைமாடியில் ஏறினால் அவர்கள் காண்பது தெருவிளக்கின் வெளிறலையே. மெல்லிய வெள்ளைக் கோடு அதில் கரைந்துவிடுகிறது. தெருக்களில் விளக்கேற்ற ஆணையிட்ட அதே அல்ஹாகிமுக்குத்தான் வானியலறிஞர் இப்னு யூனுஸ் (மறைவு 1009) தமது பெரும் வானியல் அட்டவணையான ‘அஸ்ஸீஜுல் ஹாகிமீ’யைக் காணிக்கையாக்கினார். அவர் காலத்துக் கெய்ரோவில் அத்தனை விளக்குகள் எரிந்தும் கோள்களை அளப்பதற்கு வேண்டிய இருள் எஞ்சியிருந்தது. மேல்நோக்கி ஒளி சிந்தாத கூண்டு, இளமஞ்சள் நிறம், நள்ளிரவுக்குப் பின் பாதியாகக் குறையும் ஒளி ஆகிய மூன்றும் இன்று எல்.இ.டி.யில் எளிதில் கிடைக்கக்கூடியவை. சோடியம் விளக்கில் இறுதியானதைச் செய்வது கடினம். கொள்முதல் ஆணையில் இவற்றைக் கேட்டு எழுதும் உள்ளாட்சிகள் மிகச் சிலவே.

வக்ஃபும் விளக்கும் மீண்டும் சந்தித்த இடம் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். மொராக்கோவின் வக்ஃபு மற்றும் இஸ்லாமிய விவகார அமைச்சகம், எரிசக்தித் துறையோடு இணைந்து, 2014ஐ ஒட்டிப் பசுமைப் பள்ளிவாசல் திட்டத்தைத் தொடங்கியது. 600 பள்ளிவாசல்களில் எல்.இ.டி. விளக்குகளையும் சூரியத் தகடுகளையும் சூரிய வெந்நீர்க் கலன்களையும் பொருத்துவது அதன் இலக்கு. சேமிப்புக்கு உத்தரவாதம் அளிக்கும் நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்துகொள்ளப்பட்டது. அங்கே தவணை கட்டும் பொறுப்பு நூற்றாண்டுகளாக எண்ணெய்க் கணக்கு எழுதிப் பழகிய வக்ஃபுத் துறையின் கையில் இருந்தது. முதலில் சூரியத் தகடுகள் ஏறிய பள்ளிவாசல்களுள் மர்ராகிஷின் குதுபிய்யாவும் ஒன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அதைக் கட்டியவர்கள் முவஹ்ஹிதூன்; அவர்களுடைய ஆளுநரின் அவையில் எழுந்த தர்க்கத்திலிருந்தே அஷ்ஷகுந்தீயின் பத்து மைல் விளக்குகள் நம்மிடம் வந்து சேர்ந்தன.